அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு எதற்கு சொந்த ஊர் சங்கம்?

மூன்று நான்கு தலைமுறைக்கு முன் நாடு விட்டுப் போனவர்கள் இன்னும் ஊர்ப் பெயரில் சங்கம் நடத்துவது வெறும் பொழுதுபோக்குதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஹவாயின் ஹொனலுலுவில் வேலை பார்த்தபோது கூட இருந்த ஒருவர் தன் சங்கத்துப் பிக்னிக்குக் கூட்டிப் போகிற வரை. ஜப்பானின் தெற்குத் தீவான ஒக்கினாவா வம்சாவளி, நான்காவது தலைமுறை, ஜப்பானிய மொழியில் பத்து வார்த்தை தேறாது. சங்கத்தின் பெயர் சாத்தான்-கதேனா சோஜின்காய். (சோஜின்காய் என்றால் ஊர்க்காரர் சங்கம். சாத்தானும் ஊர்ப் பெயர்தான், நான் சிரித்து அசடு வழிந்தது தனிக்கதை.)

அங்கே ஒரு பாட்டி அந்தாகி சுட்டுக்கொண்டிருந்தார். மாவைக் கை நிறைய அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுக்கி எண்ணெயில் விட, அது தானாகப் புரண்டு ஒரு பக்கம் வாய் பிளந்து வெந்தது. நம் ஊர் இனிப்பு போண்டாவேதான். இளசுகள் பிதுக்கியதெல்லாம் வால் முளைத்து வந்தது, பாட்டி ஒன்றும் சொல்லாமல் அதையும் தட்டில் போட்டார்.

1900 ஜனவரியில் ஒக்கினாவாவிலிருந்து முதல் 26 பேர் கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் வந்திருக்கிறார்கள். கையில் ஜப்பான் பாஸ்போர்ட்தான், ஆனால் மற்ற ஜப்பானியர்கள் இவர்கள் பேச்சையும் பன்றி வளர்ப்பதையும் சொல்லியே மட்டம் தட்ட, ஊர்க்காரன் ஊர்க்காரனைத் தேடிப் போனதில் ஊருக்கொரு சங்கமாகி, இன்று சுமார் ஐம்பது சங்கங்கள்.

சரி, பயன்? 1945 போரில் ஒக்கினாவாவில் பன்றிகள் கிட்டத்தட்ட அழிந்துபோயின. ஹவாய்க்காரர்கள் வசூல் செய்து, 1948-ல் ஓரிகனிலிருந்து 550 பன்றிகளைக் கப்பலேற்றி, கூடவே ஏழு பேரையும் அனுப்பினார்கள். ஒரு மாதக் கடல் பயணம்!

அதே 1948-ல்தான் இந்தச் சங்கத்துக்காரர்களின் ஊரான சாத்தானும் இரண்டானது. நடுவில் அமெரிக்க விமானப்படைத் தளம் வந்து போக்குவரத்து அறுந்துபோக, அந்த டிசம்பரில் கதேனா தனி ஊராகப் பிரிந்தது. இன்று கதேனா நிலத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தளத்தின் வேலிக்குள். அங்கே பிரிந்த ஊர், ஹவாயில் ஒரே சங்கமாக இருக்கிறது.

கொள்ளுத்தாத்தா வீடு எங்கே என்று நண்பரிடம் கேட்டேன். போனில் வரைபடத்தைத் திறந்து, பெரிதாக்கி, ஓடுபாதைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டின் மேல் விரலை வைத்தார். "இங்கேதான் எங்கேயோ. பாட்டிக்குத்தான் சரியாகத் தெரியும், இரு" என்று போனை எடுத்துக்கொண்டு எண்ணெய்ச் சட்டிப் பக்கம் போனார்.