பட்டர் ஃப்ரூட் மரத்தில் பூ கொட்டுகிறது, காய் நிற்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: தளி பக்கம் தோட்டம். ஆறு வயதில் 20 பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரங்கள், எல்லாம் ஒரே ரக ஒட்டுக்கன்று. ரகப் பெயர் எழுதிய அட்டை தொலைந்துவிட்டது. இரண்டு வருடமாகத் தை, மாசியில் மரம் மூடப் பூக்கிறது. மரத்துக்குப் பத்துக் காய்கூட நிற்கவில்லை. "ஆண் மரம், வெட்டிவிடு" என்கிறார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: வெட்டாதீர்கள். பட்டர் ஃப்ரூட்டில் ஆண் மரம் என்று ஒன்று கிடையாது. இது லவங்கப்பட்டை, பிரிஞ்சி இலை, கற்பூர மரம் எல்லாம் சேர்ந்த லாரேசி குடும்பம். ஒவ்வொரு பூவிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. ஒரு பூ இரண்டு முறை விரியும்: முதல் தடவை பெண்ணாக, மூடி மறுநாள் ஆணாக.

இதில் இரண்டு வகை. 'ஏ' வகைப் பூ காலையில் பெண்ணாக விரிந்து, மதியத்துக்குள் மூடி, மறுநாள் பிற்பகலில் ஆணாக விரியும். 'பி' வகை பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஹாஸ், ரீட், பிங்கர்டன் ரகங்கள் 'ஏ'. ஃபுவர்டே, பேக்கன், ஜூட்டானோ 'பி'. ஒரே ரகம் மட்டும் நட்ட தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிறது. பெண் பூ விரியும் நேரத்தில் மகரந்தம் கொடுக்க ஆள் இல்லை. மேகமூட்டமான குளிர் நாளில் இந்த நேரக்கணக்கு குழம்பி இரண்டும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். உங்களுக்குக் கிடைத்த சில காய்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான்.

முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள். நல்ல வெயில் உள்ள மூன்று நாள், காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் விரிந்த பூக்களைக் கைலென்ஸில் பாருங்கள். நடுவிலுள்ள சூல்முடி (மகரந்தம் ஏற்கும் பெண் பாகத்தின் நுனி) வெள்ளையாகப் பளிச்சென்று இருந்து, ஒன்பது கேசரங்களும் (மகரந்தப் பை தாங்கும் ஆண் தண்டுகள்) வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் அது பெண் நிலை. கேசரங்கள் நிமிர்ந்து நின்று, மகரந்தப் பைகளின் சின்ன மூடிகள் மேல்நோக்கித் திறந்திருந்தால் ஆண் நிலை. மகரந்தப் பை வெடிக்காமல் இப்படிக் கதவு போல் திறப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். காலையில் பெண் என்றால் உங்கள் மரம் 'ஏ'.

அடுத்து, எதிர் வகையைக் கொண்டுவர வேண்டும். புதுக்கன்று நட்டுக் காத்திருப்பதைவிட இருக்கும் மரத்திலேயே ஒட்டுவது வேகம். எட்டு அல்லது ஒன்பது மரத்துக்கு ஒன்று போதும். உங்கள் 20 மரத்தில் மூன்றைப் பரவலாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கிளைகளில் செய்யுங்கள். காற்றில் ஈரம் இருக்கும் ஆடி, ஆவணியில் கட்டைவிரல் கனக் கிளையை வெட்டி, பென்சில் கனத்தில், மொட்டு பருத்த 10 செ.மீ. ஒட்டுக்குச்சியின் அடியை ஆப்பு போல் சீவி, கிளையின் நடுவே பிளந்து ஆப்பு ஒட்டாகச் செருகி பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுங்கள். குச்சியின் பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலமும் கிளையின் பச்சைப் படலமும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்தாவிட்டால் ஒட்டு காய்ந்துபோகும். குச்சி எடுக்கும் ரகம் உங்கள் மரம் பூக்கும் அதே மாதத்தில் பூக்கிறதா என்று விசாரித்துவிட்டே எடுங்கள். இதை விட்டால் எல்லா உழைப்பும் வீண்.

மருந்து கேட்டீர்கள். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்தே வேண்டாம். மகரந்தம் கொண்டுபோவது தேனீயும் ஈயும்தான். இரண்டு மூன்று தேனீப்பெட்டி வைத்தால் நல்லது. மொட்டு விரியும் முன் லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலம் ஒருமுறை தெளிக்கலாம். யூரியா அந்த நேரத்தில் கூடாது: இந்த மரத்தின் பெரும்பாலான பூங்கொத்துகளின் நுனியில் இலைத்துளிர் ஒன்று காத்திருக்கிறது, தழைச்சத்து கிடைத்தால் அது ஓடிப் பிஞ்சின் உணவைப் பிடுங்கிக்கொள்ளும்.

உதிர்ந்த பட்டாணி அளவுப் பிஞ்சை பிளேடால் பிளந்து பாருங்கள். உள்ளே விதை சூம்பியிருந்தால் மகரந்தக் குறை. விதை திரண்டும் உதிர்ந்தால் தண்ணீரைக் கவனியுங்கள். உறிஞ்சும் வேர் மேல் 15, 20 செ.மீ. மண்ணிலேயே இருக்கும், வேர்த்தூவிகள் அநேகமாகக் கிடையாது. ஒருநாள் காய்ந்தாலும் பிஞ்சு விழும், தண்ணீர் தேங்கினாலோ ஃபைட்டோப்தோரா என்ற மண் நுண்ணுயிரால் வேரழுகல் வரும். பாத்தியைக் கொத்தாமல், அடிமரத்திலிருந்து ஒரு சாண் விட்டு, காய்ந்த இலையால் ஒரு விரல் நீள உயரத்துக்கு மூடாக்குப் போட்டுச் சொட்டுநீர் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஆயிரம் பூவுக்கு ஒரு காய் நின்றாலே இந்த மரத்துக்கு நல்ல காய்ப்பு. தரையில் பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், கிளையில் நிற்கும் பிஞ்சை மட்டும் எண்ணுங்கள்.