கர்ப்பத்தின் 24-ஆம் வாரம்: இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.8-லேயே நிற்கிறது

இரும்பு, கால்சியம் இரண்டையும் டிபன் முடிந்ததும் ஒன்றாகப் போடுவதை நிறுத்துங்கள். கால்சியம் கூட இருந்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. உடனே குடிக்கிற காபி மிச்சத்தையும் கெடுக்கும். எண் ஏறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கால்சியம் 500 மி.கி. காலையும் மதியமும் சாப்பாட்டோடு. இரும்பு, இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சை பிழிந்த தண்ணீரில். பாலில் வேண்டவே வேண்டாம் (வீட்டில் பெரியவர்கள் பால்தான் கொடுப்பார்கள்!). மலம் கறுப்பது இரும்பினால்தான், பயமில்லை.

நான்கு வாரம் இப்படிப் போட்டு மறுபடி ரத்தம் பாருங்கள். 1 கிராமாவது ஏறவில்லையென்றால் தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு), பி12 குறைவு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ படபடத்தாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.