சென்னையில் ஓட்டும் காருக்கு ஆல்-சீசன் பெர்ஃபார்மன்ஸ் டயர் தேவையா?

போடலாம். ஆனால் ‘ஆல்-சீசன்’ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். குளிர்நாடுகளில் அதைச் சமாளிக்க வந்த வகை இது. நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது.

நமக்குக் கவலை ஐப்பசி, கார்த்திகை மழைதான். ஈ.சி.ஆரில் தேங்கிய தண்ணீரில் 80-ல் போனால் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். டயர் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் அகலமான நீளவாட்டுக் காடிகள். தேயத் தேய அந்த வேலை நடக்காது. சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் வரை ஓட்டலாம் என்றாலும் நான் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடச் சொல்வேன்.

வாங்கும்போது குனிந்து பக்கவாட்டைப் பாருங்கள். ‘டிராக்‌ஷன்’ ஏஏ அல்லது ஏ என்றிருந்தால் ஈரச் சாலையில் நேராகப் பிரேக் பிடிப்பது நன்றாக இருக்கும். ‘டெம்பரேச்சர்’ (சூட்டைத் தாங்கும் திறன்) ஏ என்றிருந்தால் நம் கத்திரி வெயிலுக்கு நல்லது. ‘ட்ரெட்வேர்’ எண் குறைந்தால் சீக்கிரம் தேயும். வேகத்துக்கும் பிடிப்புக்கும் முக்கியத்துவம் கொடுக்கும் பெர்ஃபார்மன்ஸ் டயர்களில் பெரும்பாலும் அப்படித்தான். கடைக்காரர் ‘புது ஸ்டாக் சார்’ என்றாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி எண்ணைப் படியுங்கள்: 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம் தயாரானது.