இரண்டு நாளாகியும் குழந்தை வெளிக்குப் போகவில்லையா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்: மூத்தவனுக்குக் குடலில் நரம்பு இல்லை என்று சத்திரசிகிச்சை செய்தார்கள். கிரகணத்தன்று நான் லயத்து வாசலில் நின்றதுதான் காரணம் என்கிறார் மாமியார். இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன். இதற்கும் வருமா?

கிரகணம் குடலைத் தொடாது, சகோதரி. உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. கரு வளரும்போது நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து, பெருங்குடலின் கடைசிவரை போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள குடல் விரியாமல் இறுகியே கிடக்கும், மலம் தேங்கிவிடும். 1886இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவரின் பெயரால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்கிறோம். ஏறக்குறைய 5000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

பரம்பரைத் தொடர்பு உண்டு. உடன்பிறந்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சராசரியாக நூற்றுக்கு நான்கு அளவில் இருக்கும். மூத்தவனுக்குக் குடலின் நீண்ட பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் இது கூடும். ஆகவே அவனுடைய சத்திரசிகிச்சை அறிக்கையைத் தேடி எடுத்து, கிளினிக்கில் காட்டுங்கள். வயிற்றிலிருக்கும்போது எடுக்கும் ஸ்கானில் பெரும்பாலும் இது தெரியாது.

பிறந்த பிறகுதான் கண்விழிப்பு வேண்டும். நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணித்தியாலத்துக்குள் தார் போன்ற கரும்பச்சை மலத்தைக் கழித்துவிடும். 48 மணித்தியாலம் கடந்தும் கழிக்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும். டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டு எடுத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வந்து, மேளம் போலிருந்த வயிறு தளர்ந்தால் சந்தேகம் வலுக்கும். குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். குழந்தை மலம் கழிக்கும் முன் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) அனுப்பினாலும், மூத்தவனின் கதையைச் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி பிறந்து நான்கு நாள். பால் கக்குகிறாள். நேற்று ஒருதரம் பச்சையாக வந்தது.

அம்மா, இதை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தயிர் போல வெள்ளையாகக் கக்குவது பெரும்பாலும் சாதாரணம். பச்சை என்றால் பித்தநீர், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கிய குடல் சில மணித்தியாலங்களிலேயே அழுகிவிடும். இரவோ பனியோ, 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு கொண்டுபோங்கள். அந்த நிறத்தைப் பார்த்தாலே டாக்டருக்கு அவசரம் புரியும்.

பதுளையிலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு உணவுக்குழாய் இடையில் மூடியிருந்தது. மாமன் மகளைக் கட்டியதால் வந்ததா?

தம்பி, உணவுக்குழாய் அடைப்பு பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவதில்லை, தற்செயலாக நேர்வது. நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களுக்குப் பிறவிக் குறைபாடு எதுவாயினும் வரும் வாய்ப்பு, பொதுவாக நூற்றுக்கு மூன்று என்றால், ஐந்து ஆறு ஆகலாம். அதற்காக மனைவியையோ மாமனையோ நோகாதீர்கள். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இந்தக் குறைபாட்டோடு அவற்றிலும் கோளாறு வருவதுண்டு.

நுவரெலியாவிலிருந்து: வெளிக்குப் போகாத பச்சைக் குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

ஒரு சொட்டும் வேண்டாம். அடைபட்ட குடலுக்கு அது ஆபத்து. தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.