அம்மா தங்க வருகிறார்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 72. தனியாக வாழ்கிறார், தினமும் நடக்கிறார், நீந்துகிறார். ஒரு மாதம் என்னோடு தங்க வருகிறார். எப்படிக் கவனித்துக்கொள்வது?

பதில்: முதியோருக்கான பிசியோதெரபி என் தொழில். அதனால் முதலில் நடையைப் பற்றியே சொல்கிறேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும், அதோடு வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் அம்மா இதில் பெரும்பகுதியைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறார். அன்பு மிகுதியில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து அதைக் கெடுத்துவிடாதீர்கள். வயதானபின் தசை குறைவது சுலபம், மீட்பது கஷ்டம்.

வந்த அன்றே வீட்டுச் சாவியைக் கொடுங்கள். பக்கத்தில் நடக்க நல்ல பாதை, நீச்சல் குளம் எங்கே என்று காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு காரியம் சேர்ந்து செய்தால் போதும். மற்ற நேரம் அவருடையது. குளியலறையில் நழுவும் மிதியடி இருந்தால் இன்றே எடுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு போடுங்கள். வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், வீடும் அவருக்குப் புதிது.

கேள்வி: நீண்ட விமானப் பயணம். மறுநாளே ஊர் சுற்றலாமா?

பதில்: இரண்டு மூன்று நாள் பொறுங்கள். நேர வித்தியாசம் எத்தனை மணியோ, உடல் பழக ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் சிரமம். பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்கட்டும். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: பிரஷர் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது?

பதில்: அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், கிளம்பும் முன்பே.

கேள்வி: தனியாக வெளியே அனுப்பலாமா?

பதில்: தனியாக வாழ்பவர்தானே! போனில் சார்ஜும் பையில் உங்கள் முகவரியும் இருந்தால் போதும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68. பஸ்ஸில் தனியாக விடலாமா?

பதில்: மேலே இருக்கிற பதில்தான். “விடலாமா” என்ற கேள்வியையே விடுங்கள். “எப்பம்மா வருவீங்க?” என்று கேட்டால் போதும்.

கேள்வி: வந்ததிலிருந்து அலமாரி அடுக்குகிறார், செடிகளைப் பார்க்கிறார். ஓய்வெடுங்கள் என்றால் கோபம்.

பதில்: கோபம் நியாயம். எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதியோர் இல்லத்தில் ஒரு பிரிவினரிடம் “உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று சொல்லி, பராமரிக்க ஒரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள், செடிக்குத் தண்ணீர் உட்பட. மூன்று வாரத்தில் முதல் பிரிவினர்தான் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

மறுப்பு: வாழ்நாளெல்லாம் உழைத்த அம்மாவை இங்கேயும் வேலை வாங்கச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. அவராக எடுத்துச் செய்வது வேறு, நாம் அவர் தலையில் கட்டுவது வேறு.

இன்னொருவர்: மறுத்தவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. என் அண்ணன் அம்மாவை அழைப்பதே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான்.

பதில்: அது உண்மையான குறை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையென்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே சொல்லிக் கேட்க வேண்டும். அவர் “முடியாது” என்றால் முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். “முடியாது” என்று சொல்ல இடம் இருந்தால்தான் அவர் சுதந்திரமாக இருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: என் அம்மா ஏணியில் ஏறிப் பரண் துடைக்கிறார். அதையும் விடலாமா?

பதில்: ஏணி மட்டும் வேண்டாம். பரணை நீங்கள் துடையுங்கள். எதை எங்கே வைப்பது என்று அவர் கீழே நின்று சொல்லட்டும்.