கரண்ட் போன அந்த ஞாயித்துக்கிழமை: ஜாஸ் கேள்வி பதில்

அண்ணே, நான் ராஜா சார் பாட்டு கேட்டு வளந்தவன், ஜாஸ்னா ஒண்ணுமே தெரியாது. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க, லிஸ்ட் வேணாம். (ஈரோடு)

லிஸ்ட் வேணாம்னு சொன்னீங்க பாருங்க தம்பி, அங்கயே பாதி வேலை முடிஞ்சுது. டிரம்பெட் வாசிச்ச மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் புளூ', 1959. யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க, நானும் இதத்தான் சொல்றேன், நிஜமாவே அவ்ளோ நல்லாருக்கும். ஆனா எந்த இடத்துல காது வைக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனாலதான் நிறைய பேரு ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு மூடி வச்சிடறாங்க. முதல் பாட்டு 'ஸோ வாட்' போடுங்க. பியானோவும் பேஸும் ரகசியம் பேசற மாதிரி ஆரம்பிக்கும், அப்புறம் பால் சேம்பர்ஸ் பேஸ்ல ஒரு வரி வாசிப்பாரு, மத்தவங்க ரெண்டே ரெண்டு நோட்டுல பதில் சொல்வாங்க, நடவுப் பாட்டுல ஒரு அம்மா அடி எடுத்துக் குடுக்க மத்தவங்க சேந்து பாடுவாங்கல்ல, அதே மாதிரி. ஒன்றரை நிமிஷம் கிட்ட மைல்ஸ் தனியா ஆரம்பிக்கிற அந்த நொடில டிரம்ஸ் வாசிக்கிற ஜிம்மி காப் சிம்பல்ல ஒரு அடி அடிப்பாரு, அது எல்லாத்துக்கும் மேல பரவி கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். அந்த ஸ்டுடியோ நியூயார்க் 30வது தெருவுல இருந்த ஒரு பழைய சர்ச், உசரமான கூரை, அதனால அந்த சத்தம் அப்படி தங்கி நிக்குது. முதல் நாளைக்கு இது போதும். மறுநாள் மைல்ஸ மட்டும் பின்தொடருங்க, அடுத்த நாள் ஜான் கோல்ட்ரேனோட டெனர் சாக்ஸ், அதுக்கடுத்து கேனன்பால் ஆடர்லியோட ஆல்டோ சாக்ஸ், அப்புறம் பில் எவன்ஸோட பியானோ. அதே ஒன்பது நிமிஷப் பாட்டுதான், நாலு நாள்ல நாலு பாட்டா ஆயிடும்.

அப்பா வச்சிருந்த பழைய எல்பில இதே 'கைண்ட் ஆஃப் புளூ' முதல் பக்கம் ஸ்ருதி ஏறி இருக்கு, கீபோர்டுல கூட வாசிச்சா சேரவே மாட்டேங்குது. ரெண்டாவது பக்கம் சரியா இருக்கு. பிளேயர்ல கோளாறா? (திருச்சி)

பிளேயர ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்க! உங்க காதுதான் சரி. அந்த ஆல்பத்த ரெண்டு நாள்ல பதிவு பண்ணாங்க, 1959 மார்ச் 2, ஏப்ரல் 22. மார்ச் 2 அன்னிக்கு ஓடின டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா சுத்தியிருக்கு. மெதுவா பதிவானத சரியான வேகத்துல போட்டா என்ன ஆகும், பாட்டு வேகமாகும், ஸ்ருதியும் ஏறும். அரை ஸ்வரம் கூட இல்ல, அதுக்கும் கம்மி, ஆனா கூட வாசிக்கிறவங்களுக்கு உறுத்தும். முதல் பக்கத்து மூணு பாட்டும் அந்த நாள் பதிவானது, ரெண்டாவது பக்கம் ஏப்ரல்ல பதிவானது, அதான் அது சரியா இருக்கு. கூடவே இன்னொரு மெஷின் சரியான வேகத்துல ஓடிட்டிருந்திருக்கு, அந்த டேப்ப வச்சு 1992ல தான் திருத்தி வெளியிட்டாங்க. அதாவது முப்பது வருஷத்துக்கும் மேல உலகம் பூரா அந்த ஏறின ஸ்ருதிலதான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்துச்சு. அப்பாவோட எல்பிய பத்திரமா வைங்க, அவர் கேட்டது அந்த ஸ்ருதிதான்.

'டேக் ஃபைவ்' பாட்டோட தாளம் நம்ம கண்ட சாபு தானே? (மயிலாப்பூர்)

அஞ்சு எண்ணிக்கைன்றது சரி, ஆனா பிரிக்கிற விதம் வேற. கண்ட சாபுல நாம ரெண்டு மூணுன்னு போவோம், இவங்க மூணு ரெண்டுன்னு போவாங்க, கையில தட்டிப் பாத்தா உடனே தெரியும். பியானோ வாசிச்ச டேவ் புரூபெக் பேர்ல ஃபேமஸ் ஆனாலும் எழுதினது சாக்ஸ் வாசிச்ச பால் டெஸ்மண்ட், அந்தப் பாட்டோட ராயல்டிய அவரு அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வச்சிட்டுப் போனாரு. தாளம் பிடிச்சவங்க அதே 'டைம் அவுட்' ஆல்பத்துல முதல் பாட்டையும் விடாதீங்க, 'புளூ ராண்டோ அ லா டர்க்', இஸ்தான்புல் தெருவுல வாசிச்சவங்ககிட்ட கேட்ட தாளம், ஒன்பத ரெண்டு ரெண்டு ரெண்டு மூணுன்னு பிரிக்கிறது. மிருதங்கம் கத்துக்கிற பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, அவங்க கை தானா எண்ண ஆரம்பிச்சிடும்.

உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச லைவ் ரெக்கார்டிங் எது? (மதுரை)

யோசிக்கவே வேணாம். பில் எவன்ஸ் டிரியோ, வில்லேஜ் வேன்கார்ட், 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. நியூயார்க்ல செவன்த் அவென்யூல படி இறங்கிப் போற ஒரு சின்ன கிளப், 1935ல இருந்து இருக்கு. மத்தியானம் ரெண்டு, ராத்திரி மூணுன்னு அன்னிக்கு அஞ்சு செட் வாசிச்சாங்க, பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ், பால் மோஷியன் டிரம்ஸ். கண்ணாடி கிளாஸ் மோதற சத்தம், யாரோ சிரிக்கிறது, பக்கத்து டேபிள் பேச்சு எல்லாம் உள்ள கேக்கும். எனக்கு இது ஒரு ஃப்ரெண்டு காப்பி பண்ணிக் குடுத்த கேசட்டா வந்துச்சு, மேல பேரு கூட எழுதல, பேஸ் வாசிக்கிறது யாருன்னே தெரியாம பல மாசம் கேட்டேன். பின்னாடி நின்னு தாளம் குடுக்கிற பேஸ் இல்ல அது, பியானோ ஒரு வார்த்தை சொன்னா அதுக்குள்ள புகுந்து மறுவார்த்தை சொல்ற பேஸ். கடைசில பேரு தெரிஞ்சப்போ கூடவே இன்னொண்ணும் தெரிஞ்சுது. அந்த ஞாயித்துக்கிழமைக்குப் பதினோராவது நாள், ஜூலை 6, லஃபாரோ கார் விபத்துல போயிட்டாரு. வயசு 25. எவன்ஸ் அதுக்கப்புறம் பல மாசம் கச்சேரி பண்ணல. முதல்ல வந்த 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்' ஆல்பத்த எடுத்துப் பாருங்க, முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் லஃபாரோ எழுதினது, அவருக்காகவே அப்படி அடுக்கியிருக்காங்க. ரெண்டாவதா வந்த ஆல்பம் 'வால்ட்ஸ் ஃபார் டெபி', டெபின்றது எவன்ஸோட அண்ணன் பொண்ணு. அன்னிக்கு பூரா பதிவானத பின்னாடி முழுசா வெளியிட்டாங்க, அதுல முதல் பாட்டு 'குளோரியாஸ் ஸ்டெப்' நடுவுல கரண்ட் போயி பதிவு அறுந்து அப்புறம் வரும். அத அப்படியே விட்டு வச்சிருக்காங்க. எனக்கு அந்த இடம் வந்தா ஒவ்வொரு தடவையும் மனசு என்னவோ பண்ணும், அந்த மூணு பேரும் சேந்து வாசிச்ச ஒரு துண்டு எங்கயோ காத்துல போயிடுச்சுல்ல.

இதக் கேக்க பெரிய ஸ்பீக்கர் செட் வாங்கணுமா? (நாகர்கோவில்)

வேணாம். பேஸ் தெளிவா கேக்கிற ஒரு இயர்போன் போதும். ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் போடாதீங்க, லஃபாரோவும் சேம்பர்ஸும் காணாமப் போயிடுவாங்க.

ஆலிஸ் கோல்ட்ரேன் ஆல்பம் ஒண்ணுக்கு எங்க ஊர்க்காரர் பேரு வச்சிருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா? (கோவை)

நிஜம்தான். 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. சுவாமி சச்சிதானந்தா பிறந்தது கோவை பக்கத்துல செட்டிபாளையம். 1967ல வீட்டுக்காரர் ஜான் கோல்ட்ரேன் இறந்ததுக்கப்புறம் ஆலிஸ் இந்த சுவாமிகிட்ட வழி தேடிப் போனாங்க. அதுல அவங்க ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸ், அடில தம்பூரா. பேஸ் அதே வரிய திரும்பத் திரும்ப வாசிக்க, அதுக்கு மேல ஹார்ப் தண்ணி மாதிரி ஓடி வரும். விடியக்காலைல ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

எங்க வாட்ஸப் குரூப்ல நாளைக்கு இருபது லிங்க் வருது, யாரும் எதையும் கேக்கறதில்ல. வெறுத்துப் போச்சு. (பெங்களூரு)

லிங்க் மட்டும் அனுப்பினா அப்படித்தான் ஆகும். கூடவே "மூணாவது நிமிஷத்துல டிரம்ஸ் நிக்கிற இடத்தக் கேளு"ன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க, அந்த இடம் வரைக்குமாவது கேப்பாங்க. நாங்க நாலு பேரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடுவோம், ஒருத்தர் ஒரே ஒரு ரெக்கார்டு கொண்டு வரணும், ஒரு பக்கம் முடியற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, கொண்டு வந்தவர் கடைசியாத்தான் பேசணும். போன தடவை வந்தது பியானோ வாசிக்கிற தெலோனியஸ் மாங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் கார்னகி ஹால்ல 1957 நவம்பர் 29 வாசிச்சது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோ பதிவு பண்ண டேப், 2005ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல பழைய டேப்ப எல்லாம் டிஜிட்டல் பண்றப்போ ஒருத்தர் கண்ணுல பட்டுச்சு. 47 வருஷம் கழிச்சு! அந்த ரெண்டு பேரும் சேந்து வாசிச்சது ரெக்கார்டா ரொம்ப கம்மியாத்தான் இருந்துச்சு, திடீர்னு ஒரு முழுக் கச்சேரி. முதல் பக்கம் முடிஞ்சு ஊசி மேல வந்தப்புறமும் அன்னிக்கு ஒருத்தரும் பேசல, கொண்டு வந்தவர் எந்திரிச்சுப் போயி தட்டத் திருப்பிப் போட்டாரு.