சேலம் டவுனை நடந்து பார்க்க

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழி மூன்றாம் வாரம் அம்மாவும் நானும் ஏற்காடு போகிறோம். போகும் வழியில் சேலத்தில் ஒரு பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. போன தடவை பழைய பஸ் நிலையத்தில் பதினொரு மணிக்கு இறங்கிக் கடைவீதிக்குள் போனோம். பைக்கும் தள்ளுவண்டியும் நெருக்கியதில் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். சேலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் மலைக்கே கை காட்டுகிறார்கள். டவுனை நடந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, எங்கே தொடங்குவது? அம்மாவுக்கு 66 வயது. நன்றாக நடப்பார், ஒரே மூச்சில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முடியாது.

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் போன இடம் சரி, நேரம்தான் தப்பு. பதினொரு மணி என்பது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் துணியும் பாத்திரமும் நகையும் வாங்க டவுனில் வந்து இறங்கும் நேரம். அப்போது பார்க்க மட்டும் வந்தவருக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது. சேலம் பேட்டை பேட்டையாக வளர்ந்த ஊர். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு தொழில், அந்தத் தொழிலுக்கென்று ஒரு பொழுது. மணியைப் பார்த்துத் தெருவைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஊர் பிடித்துப்போகும்.

காலை ஆறு மணிக்கு வ.உ.சி. பூ மார்க்கெட்டில் தொடங்குங்கள். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கம்தான். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளியைப் பாருங்கள். தரை ஈரமாக, காம்பும் இலையுமாக வழுக்கும். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். மூட்டை தூக்கி வருபவர் குரல் கொடுத்தால் உடனே ஓரம் ஒதுங்கிவிடுங்கள், அவரால் சட்டென்று நிற்க முடியாது.

அங்கிருந்து ராஜகணபதி கோயில். வைகாசி விசாகத்தை ஒட்டி சுகவனேஸ்வரர் கோயில் தேர் புறப்படுவது இதன் பக்கத்திலிருந்துதான். அந்தத் தேர் போகும் பாதையே உங்கள் பாதை: இரண்டாவது அக்ரஹாரம், பட்டைக்கோயில், சின்னக்கடை வீதி, பெரிய கடைவீதி, முதல் அக்ரஹாரம், மறுபடியும் ராஜகணபதி. தேர் ஓடும் வீதியை ஒரேயடியாக அடைத்துவிட முடியாது. ஆண்டுக்கொரு முறை தேர் வந்து திரும்பியாக வேண்டும். அதனால் இந்தச் சுற்றில் ஓரளவாவது அகலம் மிஞ்சியிருக்கிறது. பைக்கோடு முட்டிக்கொள்வதெல்லாம் கிளைச் சந்துகளில்தான். செல்போன் மேப் குறுக்குவழி என்று அந்தச் சந்துக்குள்தான் தள்ளிவிடும். வழி குழம்பினால் “தேர் போற வழி எது?” என்று யாரையாவது கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள்.

ஏழு மணிக்கு ஷட்டர்கள் மூடியிருக்கும். அது நல்லதுதான். கடை திறந்தபின் தொங்கும் துணியும் பலகையும் மறைத்துவிடுகிற மாடிகளை அப்போதுதான் பார்க்க முடியும். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் பட்டைக்கோயிலில் அம்மா உட்கார்ந்துகொள்ளலாம்.

சுற்று முடிந்ததும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். எட்டுப்பேட்டை கட்டியாளும் மாரி என்று ஊரார் சொல்வது இவளைத்தான். பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாறு, மறுநாள் நீங்கள் ஏறப்போகும் சேர்வராயன் மலைப் பக்கத்திலிருந்து வருவது. ஊருக்குள் அது இருக்கும் நிலையைப் பார்த்தால் மனம் கனக்கும். ஆனாலும் பார்க்காமல் போகாதீர்கள். நீங்கள் வரும் நாள் வைகுண்ட ஏகாதசியாக இருந்தால் மட்டும் கோட்டைப் பக்கம் காலையில் வேண்டாம். அழகிரிநாதர் கோயில் சொர்க்கவாசல் வரிசை விடியுமுன்பே தெருவுக்கு வந்துவிடும்.

சிற்றுண்டி முடித்து, ஒன்பதரை வாக்கில் ஆட்டோ பிடித்துச் செவ்வாய்பேட்டை போங்கள். மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டி. ஓமலூர், காடையாம்பட்டி வட்டாரத்து ஆலைகளிலிருந்து 30 கிலோ சிப்பங்களாக வந்து இறங்கும். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில்தான் வரத்து உச்சம், அதனால் உங்கள் தேதி அருமையாக அமைந்திருக்கிறது. ஏலம் கூறும் இடத்தில் நடுவே போய் நிற்காமல் சுவரோரம் நின்று பாருங்கள். வெல்லம் வாங்கினால் பளிச்சென்ற மஞ்சளில் மயங்க வேண்டாம். காய்ச்சும்போது ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுக்க வைத்த வெல்லம் கடையில் அழகாக இருக்கும், வீட்டில் நாள்பட நிறம் கறுக்கும். உடைத்த இடத்தில் படிகம் படிகமாக மின்னினால் சர்க்கரை கலந்திருக்கலாம். கரும்பழுப்பாக, உடைத்தால் கரும்பு வாசனை வருவதாகப் பார்த்து எடுங்கள்.

அடுத்து லீ பஜார். மொத்த வியாபார இடம் என்பதால் லாரிகள் பின்பக்கமாக வரும். வேடிக்கை பார்த்துக்கொண்டு தெரு நடுவில் நடக்கக் கூடாது. ஒரு பார்வை போதும். உங்கள் நேரத்தை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை என்றதும் பெரிய கூடத்தைத் தேடாதீர்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு கொலுசு முழுவதும் ஒரே வீட்டில் உருவாவது குறைவு. ஓரிடத்தில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னோரிடத்தில் வளையங்களைக் கோத்துப் பற்றவைப்பார்கள், சலங்கை சேர்ப்பதும் மெருகேற்றுவதும் வேறு கைகள். இப்படிப் பாதி வேலை முடிந்த கொலுசு தெருத் தெருவாகப் பயணப்படுகிறது. வாசலில் நின்று “பார்க்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். பற்றவைக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். நெருப்பு ஒரு நொடி கூடுதலாக நின்றால் பற்றவைக்கும் பொடியோடு வளையமும் சேர்ந்து இளகிவிடும். கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது, டிசைன் அவர்களுடைய சோறு.

வாங்குவதாக இருந்தால் முதலில் “டச் எவ்வளவு?” என்று கேளுங்கள். வெள்ளியின் சுத்தத்தை இங்கே அப்படித்தான் பேசுவார்கள். ஹால்மார்க் உள்ளதில் 800, 835, 900, 925 என்பது போன்ற எண் இருக்கும்; 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. எடை, டச், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு திருகாணியை மூன்று முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை வழுக்கினால் கொலுசு தெருவில்தான் விழும். கொக்கியை ஒட்டிய முதல் வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், இழுபடும் இடம் அது, அறுந்தால் அங்கேதான் முதலில் அறும்.

மதியம் ஓய்வு. வெயிலும் கூட்டமும் சேரும் நேரம், கோயில் நடையும் சாத்தியிருக்கும்.

ஐந்து மணிக்கு மேல் தட்டுவடை செட். சேலத்தில் இதைச் சாப்பிடாமல் போனால் நான் வருத்தப்படுவேன். சின்னத் தட்டுவடை (தட்டை) ஒன்றின் மேல் சட்னி, அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. காரச் சட்னி சிவப்பு, புதினா கொத்தமல்லிச் சட்னி பச்சை. அம்மாவுக்குப் பச்சையை மட்டும் தடவச் சொல்லலாம். நல்ல கடைக்கு ஒரே அடையாளம்: துருவல் ஈரம் சொட்டாமல் இருக்க வேண்டும். உப்புப் போட்டு வெகுநேரம் வைத்த வெங்காயமும் பீட்ரூட்டும் தண்ணீர் விட்டு, கையில் வாங்கும்போதே வடை நமத்துவிடும். தட்டில் வைத்ததும் முழுதாக வாயில் போடுங்கள். கடித்தால் சட்டைக்குத்தான் போகும். நொறுக்கல் கேட்டால் அதே வடையை உடைத்துக் கலந்து கொடுப்பார்கள், பல் வலி உள்ளவர்களுக்கு அதுவே தோது. செட்டைப் பார்சல் வாங்காதீர்கள். வெறும் தட்டுவடையாக வாங்கிப் போய் வீட்டில் சட்னி அரைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மண்டியும் பட்டறையும் பாதிக்கு மேல் அடைத்திருக்கும். இன்னொரு முறை ஆடியில் வர முடிந்தால் குகை என்ற பகுதியிலும் செவ்வாய்பேட்டையிலும் வண்டி வேடிக்கை பார்க்கலாம். சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். அது நடந்து பார்க்கிற நாள் அல்ல, ஓரிடத்தில் நின்று பார்க்கிற நாள்.

ஏற்காடு பஸ் புதிய பஸ் நிலையத்திலிருந்து புறப்படும், பழைய பஸ் நிலையத்தில் காத்திருக்க வேண்டாம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவை முன்பக்கம் உட்கார வையுங்கள், இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்